பழைய வண்டிக்குப் பெரிய எஞ்சின்

நுழையும்முன்

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது தமிழ்ப் பழமொழி. வரவுக்கு ஏற்பச் செலவு செய்ய வேண்டும் என்று சொல்லும்போது பெரியோர் இதனை எடுத்துக்காட்டுவர். இப்பழமொழி இயந்திரங்களுக்கும் பொருந்தும். குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் பழைய மகிழுந்தில், அதைவிடப் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் என்ன நேரும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மலைப்பாதையில் எழுந்த கேள்வி

மான்குர்த்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் தாத்தா வாங்கிய ‘பிரீமியர் பத்மினி’ மகிழுந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் அறுவரும் அதில் ஏறிச் சொந்த ஊருக்குப் புறப்படுகின்றனர். வண்டியின் கூரைமேல் பெட்டிகள் கட்டப்பட்டுள்ளன. வாஷிப் பாலத்தைக் கடந்து பன்வேல் வரை வண்டி நன்றாகவே ஓடுகிறது. கண்டாலா மலைப்பாதை தொடங்கியதும் மூச்சு வாங்குகிறது. நான்காம் கியரில் ஓடிய வண்டி இரண்டாம் கியருக்கு இறங்குகிறது. சுமை ஏற்றிய லாரிகளும் முந்திச் செல்கின்றன. பாதி வழியில் ரேடியேட்டரிலிருந்து ஆவி எழும்புகிறது. அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றுகிறார்.

“அப்பா, இதில் பெரிய எஞ்சின் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதே?” என்று மகன் கேட்கிறான்.

“ஊருக்குப் போய்த் திரும்பியதும் மெக்கானிக்கிடம் கேட்போம்” என்கிறார் அப்பா.

மகனின் கேள்வி நியாயமானது. பழைய வண்டியை வைத்திருக்கும் பலருக்கும் எழும் கேள்வி அது. விடை காண்பதற்கு அந்த வண்டியைப் பற்றி முதலில் அறிய வேண்டும்.

குர்லாவில் பிறந்த வண்டி

மான்குர்த்தில் மின்தொடர்வண்டி ஏறினால் கோவண்டி, செம்பூர், திலக் நகர் ஆகியவற்றைக் கடந்து நான்காவதாக வரும் நிலையம் குர்லா. அங்கேதான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழிலதிபர் 1944இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் இத்தாலி நாட்டு ஃபியட் நிறுவனத்தின் உரிமம் பெற்று ‘ஃபியட் 1100’ வகை வண்டிகள் இங்கு உருவாக்கப்பட்டன. அவ்வகை வண்டியே 1970களில் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர் பெற்றது. சித்தோர் அரசி பத்மினியின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது என்பர்.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரு காலத்தில் பத்மினிகளே. நூற்றாண்டுத் தொடக்கத்தில் பத்மினியின் உற்பத்தி நின்றது. கடைசிப் பத்மினி டாக்சி, தாட்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. மும்பை டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. ஆதலால் 2023 அக்டோபர் இறுதியில் பத்மினி டாக்சிகள் தெருவிலிருந்து விடைபெற்றன. ஆயினும் தனியார் வீடுகளில் சில பத்மினிகள் இன்னும் பேணப்பட்டு வருகின்றன.

எஞ்சினின் அளவு என்பது யாது?

‘பெரிய எஞ்சின்’ என்றால் வெளித்தோற்றத்தில் பெரியது என்று பொருளன்று. எஞ்சினுக்குள் சிலிண்டர் எனப்படும் உருளைகள் உள்ளன. ஒவ்வோர் உருளைக்குள்ளும் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு நகரும்போது அது விட்டுச்செல்லும் இடத்தின் அளவே உருளையின் கன அளவு. எல்லா உருளைகளின் கன அளவையும் கூட்டினால் எஞ்சினின் அளவு கிடைக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘இத்தனை சிசி’ என்று சொல்கின்றனர். ஒரு சிசி என்பது ஒரு கன சென்டிமீட்டர்.

பத்மினி எஞ்சினில் நான்கு உருளைகள். ஒவ்வோர் உருளையின் விட்டம் 6.8 செ.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 7.5 செ.மீ. உருளையின் கன அளவு காணும் முறை கணக்குப் பாடத்தில் படித்ததே: ஆரத்தின் வர்க்கத்தைப் பை மதிப்பாலும் உயரத்தாலும் பெருக்க வேண்டும். ஆரம் 3.4 செ.மீ. எனக் கொண்டால் ஓர் உருளைக்கு ஏறத்தாழ 272 கன செ.மீ. வரும். நான்கு உருளைகளுக்கும் சேர்த்து 1089 கன செ.மீ. ஆகும். இந்த எஞ்சின் ஏறக்குறைய 40 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ ஏறத்தாழ 900 கிலோ. அதன்மேல் அறுவரும் பெட்டிகளும் ஏறினால் மலைப்பாதையில் எஞ்சின் திணறுவதில் வியப்பில்லை.

கன அளவு கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகக் காற்றும் எரிபொருளும் உள்ளே சென்று எரியும். அதனால் பிஸ்டனைத் தள்ளும் விசையும், சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையும் கூடும். மகன் நினைத்தது இதுவரை சரியே.

ஆற்றல் செல்லும் வழி

எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் நேராகச் சக்கரத்தை அடைவதில்லை. அது பல கைகள் மாறிச் செல்கிறது. பத்மினியில் எஞ்சின் முன்புறத்தில் உள்ளது, உந்தப்படுவதோ பின்சக்கரங்கள். எஞ்சின் தரும் முறுக்குவிசையைக் கிளட்ச் வாங்கிக் கியர்பெட்டிக்குத் தருகிறது. கியர்பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடியில் பின்னோக்கிச் செல்கிறது. பின் அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டி அதனை வாங்கி இரு சக்கரங்களுக்கும் பிரித்தளிக்கிறது. கிணற்றில் வாளியை இறைக்கும் கயிறு பல இடங்களில் முடிச்சிட்டதாக இருந்தால், அதிலுள்ள தளர்ந்த முடிச்சே முதலில் அவிழும். இங்கும் அவ்வாறே.

இந்த உறுப்புகள் அனைத்தும் பழைய எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. எஞ்சினை மட்டும் மாற்றினால் கிளட்ச் தட்டு வழுக்கித் தேயும். கியர்பெட்டியின் பற்கள் உடையும். பின் அச்சுத் தண்டு முறிவதும் உண்டு. ஆகையால் பெரிய எஞ்சினைப் பொருத்துபவர் பெரும்பாலும் அதற்குரிய கியர்பெட்டியையும் சேர்த்தே கொண்டுவர வேண்டியுள்ளது. புதிய கியர்பெட்டியின் நீளம் வேறாக இருந்தால் நீண்ட தண்டினை வெட்டியோ கூட்டியோ சீர்செய்ய வேண்டும். அவ்வாறு செய்தபின் தண்டு சமநிலையோடு சுழலாவிட்டால் வண்டி முழுதும் அதிரும்.

எடையும் ஒரு சிக்கல். பெரிய எஞ்சின் பெரும்பாலும் எடை மிகுந்தது. அது முன்புறத்தில் அமர்வதால் முன்பக்கச் சுருள்வில்கள் தாழ்ந்துபோகும். ஓட்டுநருக்குத் திருப்புசக்கரம் கனக்கும். எஞ்சினைத் தாங்கும் இரப்பர் தாங்கிகள் வேறு இடத்தில் அமைக்கப்பட வேண்டும். அவற்றைப் பற்றவைக்கும் இடம் வலுவில்லாததாக இருந்தால் வண்டியின் சட்டகத்தில் விரிசல் விழும். கடற்காற்று வீசும் மும்பையில் பழைய வண்டிகளின் அடித்தகடு துருப்பிடித்திருப்பது வழக்கம் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

வெப்பத்தையும் மறத்தல் கூடாது. எரிபொருள் தரும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகிறது. அதிக எரிபொருள் எரிந்தால் அதிக வெப்பம் எழும். பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பெரிய எஞ்சினைப் பொருத்தினால், எந்தத் தொல்லைக்கு அஞ்சி எஞ்சினை மாற்றினார்களோ அந்தத் தொல்லையே முன்னிலும் பெரிதாகத் திரும்பி வரும்.

ஏறிய மலையில் இறங்குதல்

விடுமுறை முடிந்து அக்குடும்பம் அதே வழியாகத் திரும்புகிறது. இப்போது கண்டாலா மலைப்பாதை இறக்கமாக இருக்கிறது. எஞ்சினுக்கு வேலை குறைவு. பிரேக்குக்கே வேலை மிகுதி. சில வளைவுகளைக் கடந்ததும் ஏதோ கருகும் மணம் வருகிறது. பிரேக் மிதியை முன்னிலும் ஆழமாக அழுத்த வேண்டியிருக்கிறது. அப்பா இரண்டாம் கியருக்கு மாறி, வேகத்தை மட்டுப்படுத்தி, அகன்ற ஓர் இடத்தில் வண்டியை நிறுத்துகிறார். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோன மகன் வெப்பம் தாங்காமல் கையை இழுத்துக்கொள்கிறான்.

நடந்தது இதுதான். பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற உறுப்பின் உட்புறத்தில் பிரேக் கட்டைகள் உரசும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பம் மூடிய கிண்ணத்துக்குள் எழுவதால் விரைவில் வெளியேறுவதில்லை. வெப்பம் மிகுந்தால் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் பிரேக் பிடிக்கும் திறனும் குறையும்.

வேகம் கூடும்போது இயக்க ஆற்றல் அதே அளவில் கூடுவதில்லை. அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி 70 கி.மீ. வேகத்தில் சென்றால் வேகம் ஒன்றரை மடங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. பெரிய எஞ்சின் வண்டியை விரைந்து ஓடச் செய்யும். விரைந்து ஓடும் வண்டியை நிறுத்தும் கடமை பழைய பிரேக்கின் மேல் விழும். மலைமீது ஏறும்போது எஞ்சினைக் குறைகூறிய மகன், இறங்கும்போது பிரேக்கை நினைத்துப் பேசாமல் இருக்கிறான்.

தொழிற்சாலைகள் செய்த மாற்றங்கள்

பழைய வடிவ வண்டியில் வேறு எஞ்சின் பொருத்துவதை இந்தியத் தொழிற்சாலைகளும் செய்துள்ளன. அவற்றின் வரலாறு நமக்குப் பாடமாகும்.

கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசடர் வண்டியை உருவாக்கி வந்தது. அதன் எஞ்சின் 1489 கன செ.மீ. அளவுடையது. 1980களில் அந்நிறுவனம் ‘கான்டெஸ்ஸா’ என்னும் பெரிய, எடை மிகுந்த வண்டியை அறிமுகம் செய்தது. தொடக்கத்தில் அம்பாசடரின் எஞ்சினையே அதிலும் பொருத்தினர். உடல் பெரிது, உந்துவிசை சிறிது என்னும் குறை வெளிப்பட்டது. பின்னர் ஜப்பானிய இசுசு நிறுவனத்தின் 1817 கன செ.மீ. எஞ்சினைப் பொருத்தினர். எஞ்சினோடு அதற்குப் பொருந்திய ஐந்து கியர்களைக் கொண்ட கியர்பெட்டியும் வந்தது. கான்டெஸ்ஸாவுக்கு நற்பெயர் கிடைத்தது அதன் பிறகே. 1990களின் தொடக்கத்தில் அந்த எஞ்சினும் கியர்பெட்டியும் அம்பாசடரிலும் இடம்பெற்றன.

சென்னையில் நிகழ்ந்ததோ வேறு. அங்கு இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் உடல் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தினுடைய புதுமையான வடிவம். எஞ்சினோ ஸ்டாண்டர்டு வேன்கார்டு என்னும் பழைய வண்டியின் வழிவந்தது. அதன் அளவு 1991 கன செ.மீ. அன்றைய இந்திய வண்டிகளோடு ஒப்பிட்டால் எண் பெரிதே. ஆயினும் எஞ்சினின் வடிவம் பழையது; எரிபொருளையும் அதிகம் குடித்தது. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோயிற்று. எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஓர் எஞ்சின் சிறந்ததாகிவிடாது என்பதற்கு இது சான்று.

குர்லாவின் பிரீமியர் நிறுவனமும் 1996இல் பத்மினியில் 1.37 லிட்டர் அளவுள்ள இத்தாலிய டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்றது. இம்மாற்றங்களைச் செய்தவர்கள் பொறியாளர்கள். வரைபடமும் ஆய்வுக்கருவிகளும் அவர்களிடம் இருந்தன. சாலையோரப் பட்டறையில் அந்த வசதிகள் இருப்பதில்லை.

சட்டம் சொல்வது

சென்னையில் பழைய உதிரி உறுப்புகளுக்குப் புதுப்பேட்டை பெயர்பெற்றது. மும்பையில் குர்லாவின் சி.எஸ்.டி. சாலை அத்தகையது. அங்கெல்லாம் பழைய எஞ்சின்கள் விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஒவ்வோர் எஞ்சினிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் இருக்கும். இரண்டும் மாறுபட்டால் கேள்வி எழும். வாங்கிய எஞ்சின் திருடப்பட்ட வண்டியினுடையதாக இருந்தால் துன்பம் இன்னும் பெரிது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துள்ள அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி, விதிமீறி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எரிவாயுவில் ஓடுமாறு மாற்றுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கும் ஒப்புதல் பெற்ற கருவித் தொகுதியையே பயன்படுத்தி, மாற்றத்தைப் பதிவுச் சான்றிதழில் சேர்க்க வேண்டும். அறிவிக்காமல் எஞ்சினை மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். அப்போது அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும்.

மெக்கானிக் சொன்ன விடை

அப்பாவும் மகனும் மெக்கானிக்கிடம் செல்கின்றனர். அவர் பத்மினிகளோடு முப்பது ஆண்டுகள் பழகியவர். மகன் தன் கேள்வியைக் கேட்கிறான். அவர் உடனே விடை சொல்லவில்லை. வண்டியை உயர்த்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றிக் காட்டுகிறார். பிரேக் கட்டைகள் தேய்ந்து தகடு தெரிகிறது. ரேடியேட்டரின் குழாய்களில் பாதி அடைபட்டிருக்கிறது.

“தம்பி, நிற்பதற்கு முதலில் வழி செய்வோம். ஓடுவதைப் பிறகு பார்க்கலாம்” என்கிறார்.

புதிய பிரேக் கட்டைகள் பொருத்தப்படுகின்றன. ரேடியேட்டர் தூய்மை செய்யப்படுகிறது. பழைய எஞ்சினையே பிரித்து, தேய்ந்த பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் சீர்செய்கின்றனர். எஞ்சினின் எண் மாறவில்லை; சான்றிதழும் மாறவில்லை. தேய்மானத்தால் இழந்திருந்த திறன் பெருமளவு திரும்பக் கிடைக்கிறது.

அடுத்த கோடையில் பெட்டிகளை உறவினர் ஒருவர் தொடர்வண்டியில் முன்பே கொண்டுசெல்கிறார். கூரைமேல் சுமை இல்லாத பத்மினி கண்டாலாவில் இரண்டாம் கியரிலேயே மெல்ல ஏறுகிறது. லாரிகள் இப்போதும் முந்திச் செல்கின்றன. ரேடியேட்டரில் ஆவி இல்லை. மகன் பின்னிருக்கையில் அமர்ந்து, திரும்பி வரும்போது எந்த வளைவில் எந்தக் கியர் போட வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே வருகிறான்.

சொற்பொருள்

கன அளவு – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
முறுக்குவிசை – ஒன்றைச் சுழலச் செய்யும் விசை
உராய்வு – இரு பரப்புகள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் தடை
சட்டகம் – வண்டியின் உறுப்புகளைத் தாங்கும் அடிக்கட்டு
திருப்புசக்கரம் – வண்டியைத் திருப்ப ஓட்டுநர் கையில் பிடிக்கும் சக்கரம்
தண்டம் – குற்றத்துக்காகச் செலுத்தும் தொகை

பயிற்சி

1. எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் பத்மினியின் பின்சக்கரத்தை அடையும் வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
2. நான்கு உருளைகள் கொண்ட ஓர் எஞ்சினில் உருளையின் விட்டம் 7.3 செ.மீ.; பிஸ்டன் நகரும் தொலைவு 8.9 செ.மீ. அதன் கன அளவைக் காண்க. பாடத்தில் வரும் எந்த வண்டியின் எஞ்சின் அளவை அது நெருங்குகிறது?
3. கான்டெஸ்ஸாவின் மாற்றம் வெற்றி பெற்றதற்கும் ‘ஸ்டாண்டர்டு 2000’ நிலைக்காமற் போனதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
4. ‘நிற்பதற்கு முதலில் வழி செய்வோம்’ என்று மெக்கானிக் சொன்னதன் காரணத்தை உம் சொற்களில் விளக்குக.
5. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்னும் பழமொழி பொருந்தும் வேறொரு நிகழ்வை உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.